சம்பந்தி வீட்டு வானிலை

"பனி வரும்னு நீங்க காட்டவே இல்லையே சம்பந்தி!"

தொகாஷி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் மினகுச்சியின் குரல் சமையலறை வரைக்கும் போனது. மலையில் பிறந்து வளர்ந்த மனிதர். எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரிதான் அவருக்குப் பேச வரும்.

"சொன்னேனே சம்பந்தி. நேத்து சாயங்காலம் டிவியில நல்லா நிதானமாச் சொன்னேன். 'மலைப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனத்த பனிப்பொழிவு இருக்கக்கூடும். கடலோரப் பகுதிகளிலும் அங்கங்கே பனி பொழிய வாய்ப்பு இருப்பதை மறுப்பதற்கில்லை'ன்னு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க காட்டலை, நான் வண்டியை எடுக்கலை. காலையில கதவைத் திறந்தா இடுப்பளவு கிடக்கு! ஸ்கூல் பஸ் பாலத்துகிட்ட மாட்டிக்கிச்சு. ஊரே என் வாசல்ல வந்து நிக்குது. ரோடு இப்படியே இருந்தா புத்தாண்டுக்கு உங்க பொண்ணு எப்படி இறங்கி வருவா? யோசிச்சுக்கோங்க!"

போன் வைக்கப்பட்டது. அதுவும் சத்தமாகத்தான் வைக்கப்பட்டது.

தொகாஷி, ஹமாசே ஊர் கேபிள் டிவியில் தினமும் மாலை வானிலை சொல்கிறவர். முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவர். பன்னிரண்டு வருஷமாக அதே வரைபடத்துக்கு முன்னால், அதே சாம்பல் நிறக் கோட் மாட்டிக்கொண்டு நிற்கிறார். வரைபடத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நடுவில் காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.

குளிர்காலம் முழுக்க இந்த ஊர்க்காரர்களுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு மலைப்பனியா, கரைப்பனியா? கடல் தாண்டி வருகிற காற்று பலமாக வீசினால் மேகம் மலைவரை போய் அங்கே கொட்டும். காற்று தளர்ந்தால் அவ்வளவு தூரம் போகச் சோம்பல்பட்டுக் கரையிலேயே கொட்டிவிடும். எது நடக்கும் என்பதை வானம் கடைசி நிமிஷம் வரை சொல்லாது. தொகாஷியும் சொல்லமாட்டார். வரைபடத்தில் மலைமேல் ஒரு பனிமனிதன், கரைமேல் ஒரு பனிமனிதன் என்று டிசம்பர் முதல் தேதி இரண்டு பொம்மைகளை ஒட்டிவிட்டால், மார்ச் கடைசியில்தான் பிய்த்து எடுப்பார். எங்கே விழுந்தாலும் அவர் சொன்னதாகத்தான் ஆகும். இந்த ஏற்பாட்டில் அவர் ஒரு நாள்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

சம்பந்தி மினகுச்சிக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அவர் ஓசுகி என்கிற மலையூரில் பனி வாரும் வண்டிகளுக்குத் தலைவர். எட்டு வண்டி, எட்டு ஓட்டுநர். விடியுமுன் பாதையைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், முந்தின நாள் மாலையே எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும். அவருடைய மகனுக்குத்தான் போன அக்டோபரில் தொகாஷி தன் ஒரே மகள் நாகிசாவைக் கட்டிக்கொடுத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டபடி மனைவி மசுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தாலும் கேட்பது அவள் வழக்கம்.

"பனி வரும்னு சொல்லலையாம்."

"என்னங்க, மலையில இருக்கற மனுஷனுக்குப் பனி என்ன புதுசா? அதுக்காக ஒருத்தர் இப்படிக் கத்துவாரா?"

"பின்ன எதுக்குக் கத்தறார்?"

மசுமி, அடியில் சூடேற்றும் கணப்பு மேஜையின் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தாள். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அவள் அப்படித்தான் உட்காருவாள்.

"மீன்."

"மீனா?"

"கல்யாணமாகி முதல் வருஷக் கடைசி. பொண்ணு வீட்லேர்ந்து முழு புரி மீன் போகணுமா வேண்டாமா? தேதி பதினஞ்சு ஆச்சு, வாலைக்கூடக் காணோம். அவர் எப்படி வாயைத் திறந்து கேப்பார்? அதான் பனி பனின்னு கத்தறார்."

அந்த வட்டாரம் முழுக்க அதுதான் வழக்கம். பெண் வீட்டார் அனுப்புகிற புரி என்கிற அந்தப் பெரிய கடல்மீனை மாப்பிள்ளை வீட்டார் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் எவ்வளவு பெரிய மீன், எத்தனை கிலோ என்று தெருவே பேசி முடித்திருக்கும். டிசம்பரில் கடல்மேல் பெரிய இடி ஒன்று இடிக்கும், அதற்கப்புறம்தான் கொழுத்த மீன்கள் கரைப்பக்கம் வரும். மசுமி அந்த இடிக்காகத்தான் காத்திருந்தாள்.

"இடி எப்ப இடிக்கும்னு உங்களைக் கேட்டேன். 'வாய்ப்பு இருக்கு'ன்னீங்க. ரெண்டு வாரமா வாய்ப்பு மட்டும்தான் இருக்கு."

அன்றைக்கே துறைமுகத்துக்கு ஓடி, இருந்ததில் பெரியதாக ஒரு மீனை வாங்கி, வைக்கோல் சுற்றி, மலைக்குப் போகிற பார்சல் வண்டியில் ஏற்றினார்கள். இடிக்கு முந்தின மீன், கொஞ்சம் ஒல்லிதான். அதற்குப் பெரிய சிவப்பு ரிப்பன் கட்டி மசுமி சமாளித்தாள்.

மாலை டிவியில் தொகாஷி வழக்கத்தைவிட நிறுத்தி நிதானமாக, "ஓ-ரி-ரு இடங்களில்" என்று ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார். பேசும்போது அவருடைய வலது கை தானாக முகத்தை நோக்கிப் புறப்பட்டு, பாதி வழியில் ஏமாந்து திரும்பியது. பழக்கதோஷம். கல்யாணப் போட்டோவில் அப்பாவின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளிச்ச வட்டம் விழுந்துவிடும் என்று பயந்து, மசுமி அக்டோபரில் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு லென்ஸ் மாட்டிவிட்டிருந்தாள். டிவி இயக்குநருக்கு அது பிடித்துப்போயிற்று.

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க சார். இப்படியே இருங்க. ஆனா அந்தக் கை எதுக்கு முகத்துகிட்ட வந்துட்டு வந்துட்டுப் போகுது? கட்டி வைங்க."

அதிலிருந்து தொகாஷி கைகட்டி நின்றுதான் வானிலை சொன்னார்.

அன்று இரவு காற்று பலமாக வீசியது. மலைப்பனி. மினகுச்சியின் வண்டிகள் எட்டும் ஷெட்டில் சுகமாகத் தூங்கின. பார்சல் வண்டி கணவாயில் மாட்டிக்கொண்டது. உள்ளே மீன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"மீன் கிடைச்சுது சம்பந்தி. ரொம்ப சந்தோஷம். நானே தோண்டி எடுத்தேன்."

"தோண்டியா?"

"வண்டி மூடிப்போச்சு. ரிப்பன் சிவப்பா இருந்ததால இடம் தெரிஞ்சுது. இன்னிக்காவது கொஞ்சம் பார்த்து நில்லுங்க."

பார்த்துச் சொல்லுங்கள் என்பதைத்தான் மலைக்காரர் கோபத்தில் பார்த்து நில்லுங்கள் என்கிறார் என்று தொகாஷி எடுத்துக்கொண்டார்.

திருப்ப வேண்டிய பாதி மீனைப் பார்சலில் அனுப்ப மினகுச்சிக்குத் தைரியம் வரவில்லை. தன்னிடம் வண்டி ஓட்டுகிற ஓகுடா என்ற அம்மாளிடம் கொடுத்து அனுப்பினார். ஐம்பது வயசு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கையுறை. வாசலில் மீனை நீட்டிவிட்டுப் போகாமல் தொகாஷியின் முகத்தையே ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேர்லயும் அப்படியேதான் இருக்கீங்க."

"எப்படி?"

"வெறும் மூஞ்சியா."

மசுமிக்குப் பெருமை தாங்கவில்லை. "லென்ஸு! இளமையா இல்ல?"

"இளமையா இருந்து எங்களுக்கு என்னம்மா ஆகணும்?" என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஓகுடா வண்டியேறிப் போய்விட்டாள்.

மசுமி கதவைச் சாத்திவிட்டு மீனை மேஜைமேல் போட்டு அளந்தாள். திரும்பிய முகத்தில் இருள் கவிந்திருந்தது.

"பாதியைவிட ரெண்டு விரல் கூடுதலா இருக்கு."

"நல்லதுதானே? தாராள மனசு."

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. குறைச்சு அனுப்பினா கஞ்சத்தனம். கூட அனுப்பினா, உன் மீன் எனக்கு வேண்டாம்னு அர்த்தம். ஒல்லி மீனைக் கொடுத்தோம்ல, அதான் வண்டிக்காரி மூலமா மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பியிருக்கார்."

"அந்தம்மா அப்படி எதுவும் சொல்லலையே."

"வெறும் மூஞ்சின்னு சொன்னாளே! வெறுங்கை வீசிக்கிட்டு நிக்கறோம்னு அர்த்தம். இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?"

அந்த வாரமே இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, துறைமுகத்தில் ஆரவாரம் கிளம்பியது, மசுமி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் தூக்கி வந்த மீன் ஒன்று அவளுக்குப் பின்னால் வந்தது. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கலாம் போல அவ்வளவு பெரியது.

இரண்டாவது மீன் மலையேறியது. அந்த வழக்கத்தில் இரண்டாவது மீன் என்று ஒன்று கிடையாது. அது வந்தால் என்ன செய்வது என்று மினகுச்சி வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. யோசித்து யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் பாதியை வெட்டி அனுப்பினார்கள். தொகாஷி வீட்டில் காலையில் மீனும் முள்ளங்கியும், மதியம் முள்ளங்கியும் மீனும் என்றாகிவிட்டது.

நாகிசா போன் செய்தாள்.

"அப்பா, எதுக்கு இன்னொரு மீன்? மாமாவுக்குப் பயமாயிருக்காம். ஃப்ரீஸர்ல ஐஸ் வைக்கக்கூட இடமில்ல."

"அவர் கோபம் குறைஞ்சுதா?"

"எப்படிக் குறையும்? நேத்தும் பாதை மூடிக்கிச்சு. மூணு நாளா ராத்திரி தூங்காம வாசல்ல நின்னு வானத்தையே பார்க்கறார். பாவமா இருக்குப்பா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, டிவியில உங்க கண்ணு சிவந்து தெரியுது. பழைய கண்ணாடியையே போட்டுக்கோங்களேன். இங்க எல்லாரும்..."

பின்னாலிருந்து யாரோ பலமாகக் கனைத்தார்கள்.

"...எல்லாரும் சௌக்கியம். வெச்சுடறேன்பா."

தொகாஷியின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒரு மகள் இருக்கிறாள். அவளைப் பேசக்கூட விடாமல் பக்கத்தில் நின்று கனைக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேலாக அவளைக் கண்ணால் பார்க்கவில்லை. தலைப் புத்தாண்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வருவார்கள் என்று மாடியறையில் புது மெத்தை வாங்கிப் போட்டு, அதை வெயில் அடித்த அபூர்வமான இரண்டு நாளும் உலர்த்தி வைத்திருந்தார்.

"மன்னிப்புக் கேட்டுடுங்க" என்றாள் மசுமி.

"என்ன தப்புக்கு?"

"தப்பு எதுக்கு? சம்பந்திகிட்ட மன்னிப்புக் கேக்க ஒரு காரணம் வேணுமா? அவர் தினம் உங்க நிகழ்ச்சி பார்க்கறார்ல, டிவியிலயே கேட்டுடுங்க. நாலு பேர் பார்க்கக் கேட்டா மனசு குளிரும்."

மறுநாள் வானம் அதிசயமாகத் தெளிந்திருந்தது. அடுத்த நாளும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று எல்லாக் கருவிகளும் ஒரே குரலில் சொல்லின. எதற்கும் இருக்கட்டும் என்று பனிமனிதர்கள் இருவரும் வரைபடத்தில் ஒட்டிய இடத்திலேயே இருந்தார்கள். தொகாஷி நிகழ்ச்சியின் கடைசியில், "மலைப் பகுதிகளில் ஓரிரு இல்லங்களில் என்னால் ஏற்பட்டிருக்கக்கூடிய மனவருத்தத்துக்கு வருந்துகிறேன்" என்று சொல்லி, கேமராவுக்கு முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்தார். சாதாரணக் குனிதல் இல்லை. திரையில் கொஞ்ச நேரம் அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரிந்தது.

காலையில் ஜம்மென்று வெயில் அடித்தது. மசுமி மெத்தையை மூன்றாம் முறையாக உலர்த்தினாள். போன் அலறியது.

"என்ன காரியம் சம்பந்தி அது!" மினகுச்சியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. "எட்டு வண்டியையும் எடுத்தேன்! பக்கத்து ஊர்லேர்ந்து ரெண்டு கடன் வாங்கி அதையும் எடுத்தேன்! ராத்திரி முழுக்க வெறும் தார் ரோட்டுல இரும்பு பிளேடைப் போட்டுக்கிட்டு... ஊர்ல ஒருத்தன் தூங்கலை! தீப்பொறி பறந்துச்சுய்யா!"

"ஏன் சம்பந்தி எடுத்தீங்க? நான்தான் வானம் தெளிவுன்னு சொன்னேனே."

"அப்படி ஒண்ணைச் செஞ்சா என்னன்னு நினைக்கறது? பன்னெண்டு வருஷத்துல செஞ்சதே இல்லையே நீங்க! உலகமே முடியப்போகுதுன்னு நினைச்சேன்!"

"மன்னிப்புத்தான் கேட்டேன்..."

"மன்னிப்பா?"

மினகுச்சி மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி தொகாஷி கேட்டதே இல்லை.

"சம்பந்தி, எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. பாதை எப்ப மூடும், எப்ப திறக்கும்னு எனக்கே தெரியலை. அந்தக் கணவாய்ல சின்னஞ்சிறுசுகளை நான் எப்படி அனுப்புவேன்? புத்தாண்டுக்கு அவங்க வரலை. தப்பா எடுத்துக்காதீங்க."

தொகாஷி மாடிக்குப் போய்ப் புது மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கீழே வரவில்லை. அவர் இறங்கி வந்தபோது மசுமி துறைமுகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

"மூணாவது மீனா?" என்றார் பலவீனமாக.

"இதை அனுப்பப்போறதில்ல. நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. நேர்ல போய்க் கையில கொடுத்து, பொண்ணைக் கேளுங்க. மனுஷன் முகத்தைப் பார்த்தா மனுஷன் இரங்குவான்."

இயக்குநரிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு தொகாஷி கிளம்பினார். மீனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டார். ஊர் எல்லை தாண்டியதுமே காற்று பிடித்துக்கொண்டது. கணவாயில் ஏறும்போது எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. கண்ணாடித் துடைப்பானில் பனி கட்டிக்கொள்ளவே, இறங்கித் தட்டிவிடப் போனார். ஒரு காற்று வந்து முகத்தில் அறைந்தது. வலது கண் லென்ஸ் பறந்து, கோடிக்கணக்கான பனித்துகள்களோடு கலந்து போய்விட்டது.

அதைத் தேடுவது என்பது யோசிக்கவே வேண்டாத விஷயம். மிச்சமிருந்த லென்ஸையும் எடுத்துவிட்டு, டாஷ்போர்டைத் திறந்து துழாவினார். நல்லவேளை, பழைய மூக்குக்கண்ணாடி அங்கேயே கிடந்தது. மாட்டிக்கொண்டு நூறு அடி ஓட்டியதும், கார் அலுங்காமல் குலுங்காமல் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மீனும் அவரும் அரை மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேலிருந்து மஞ்சள் விளக்கு சுழன்றபடி பெரிய வண்டி ஒன்று பனியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஓகுடா குதித்து இறங்கி, டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தாள்.

"அப்பாடா!" என்று கத்தினாள். "வந்துட்டீங்களா!"

"மீன் கொண்டுவந்திருக்கேன்..."

அவள் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்குள் எம்பி, வயர்லெஸ்ஸை எடுத்தாள். "தலைவரே, உங்க சம்பந்தி வந்திருக்காரு! ஆமா, கண்ணால பார்த்தேன். பழையபடிதான் இருக்காரு!" மறுமுனையில் பல பேர் ஒரே நேரத்தில் ஓ என்று கூவியது தொகாஷிக்கும் கேட்டது.

மீனை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். மசுமி சொன்னது சரிதான், நேரில் வருவதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மினகுச்சி வாசலுக்கே ஓடி வந்தார். வணக்கம் சொல்ல மறந்து தொகாஷியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க! இந்தப் பனியில இவ்வளவு தூரம்... எனக்குப் பேச்சே வரலை!"

"இந்த மீனை..."

"அதை யாராவது வாங்கி வைங்கப்பா. உள்ள வாங்க, குளிரும்!"

நாகிசா ஓடிவந்து அப்பாவின் கோட்டிலிருந்த பனியைத் தட்டினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள், நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. மாப்பிள்ளை செருப்பை எடுத்து வைத்தான். உள்ளே கணப்பு மேஜைமேல் பெரிய சட்டியில் மீனும் முள்ளங்கியும் கொதித்துக்கொண்டிருந்தன. வேறென்ன இருக்கும்? தொகாஷியைச் சட்டிக்கு நேரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்துக் கிண்ணத்தில் சாக்கே என்கிற அரிசி மதுவை ஊற்றினார்கள். ஓகுடாவும் ஓரமாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் குழம்பை ஏந்திக்கொண்டாள்.

"சம்பந்தி, நான் என்ன தப்புப் பண்ணியிருந்தாலும்..." என்று தொகாஷி ஆரம்பித்தார்.

"விடுங்க! அதெல்லாம் இன்னியோட போச்சு. நான்தான் கொஞ்சம் கூடுதலாக் கத்திட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே இப்படியே இருக்கணும், மாறக்கூடாது."

"மாறவே மாட்டேன்" என்றார் தொகாஷி. உறவைச் சொல்கிறார் என்று நினைத்தார்.

"அப்ப ரெண்டாம் தேதி புள்ளைங்க உங்க வீட்லதான் இருப்பாங்க. நானே பாதையைச் சுத்தம் பண்ணி முன்னாடி வண்டி விட்டு அனுப்பறேன். போதுமா?"

நாகிசா அப்பாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். தொகாஷிக்கு மூன்று மீனையும் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

"சரி, இப்ப காரியத்துக்கு வருவோம்." மினகுச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஓகுடா மெல்லுவதை நிறுத்தினாள். எல்லாக் கண்ணும் தொகாஷியின் முகத்தில். "நாளைக்கு எப்படி சம்பந்தி?"

தொகாஷி நெகிழ்ந்துபோனார். தன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. இத்தனை அன்புக்குக் கைமாறாக இந்த ஒரு தடவையாவது ஓரிரு இடங்களும் இல்லாமல், மறுப்பதற்கில்லையும் இல்லாமல், நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வெளியே காற்று தளர்ந்துகொண்டிருந்தது, வரும்போதே கவனித்திருந்தார். இனி மேகம் மலையேறாது. கொட்டுவதெல்லாம் கரையில்தான். மலைக்காரர்கள் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். இந்த நல்ல செய்தியைத் தன் வாயாலேயே சொல்லப்போகிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

சட்டியிலிருந்து கிளம்பிய ஆவி அவர் கண்ணாடியில் படிந்து எதிரே இருப்பவர்களை மறைத்தது. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு..."

மினகுச்சி பாய்ந்து வயர்லெஸ்ஸை எடுத்தார். "எல்லா வண்டியையும் எடுங்கடா! எட்டும் மேல போகட்டும், கணவாய்க்கு!"

தொகாஷி கண்ணாடியும் கையுமாக எழுந்துவிட்டார். "சம்பந்தி! நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலையே!"

மினகுச்சியின் முகம் வெளுத்தது. மகன் சட்டியைப் பார்த்தான். நாகிசா கூரையைப் பார்த்தாள்.

"ஓகுடா, நீ வாயை மூடு" என்றார் மினகுச்சி, அவள் திறப்பதற்கு முன்பே.

"மூடி மூடித்தான் தலைவரே இந்தக் கதி" என்று ஓகுடா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொகாஷியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றதை இங்க யாருங்க கேட்டா? ஷெட்டுல இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு பன்னெண்டு வருஷமா டிவி சத்தத்தை அணைச்சே வெச்சிருக்கோம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சீங்கன்னா மலைப்பனி, மூக்குமேல தள்ளிவிட்டீங்கன்னா கரைப்பனி, ஒரு நாளும் தப்பினதில்ல. நீங்க பாட்டுக்கு வெறும் மூஞ்சியோட கையைக் கட்டிக்கிட்டு நின்னா, நாங்க எதைப் பார்த்து வண்டியை எடுக்கறது?"